இடது கால் அவளுக்கு, வலது கால் எனக்கு

விடை சரியாகவே இருந்தாலும் அலகு எழுதவில்லை என்றால் அரை மதிப்பெண் குறைத்துவிடுவேன். பொன்னமராவதிப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இருபது வருஷமாக இயற்பியல் எடுக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் கோபம் தெரியும். "பத்துன்னா என்னது? பத்து கிலோவா, பத்து விநாடியா, பத்து கத்தரிக்காயா?" என்று கேட்டு நோட்டைத் திருப்பிக் கொடுப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடிப் பையை மேசையில் வைத்துவிட்டு, "எப்படி டீச்சர் இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். "கடவுள் புண்ணியத்துல பொழச்சு வந்தேன்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அதில் பாதி பொய். கடவுளை இதில் இழுத்தது நான் செய்த இன்னொரு தப்பு.

மழைக்காலத்தில் மூன்று நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. ஊரே இருமிக்கொண்டும் கழிந்துகொண்டும் கிடந்த நேரம் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது நின்று பத்து நாள் கழித்து, வகுப்பில் நிற்கும்போது உள்ளங்கால் மரத்துப்போனது. செருப்பு காலில் இருக்கிறதா, கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மறுநாள் மாடிப்படியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அதற்கடுத்த நாள் காலையில் கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. உரக்கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரர், "சுகரா இருக்கும், ஒரு டெஸ்ட்டு எடுத்துருவோம்" என்றார். அவருக்கு எது வந்தாலும் சுகர்தான்.

ஊரில் பார்த்த டாக்டர் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். தட்டினால் கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. அவர் முகம் மாறியது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், கண் எரிய எரிய வேலை பார்த்தவர்கள்.

என்னைச் சுருட்டி ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகெலும்பில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். கையிலும் காலிலும் சின்னச் சின்னதாக ஷாக் வைத்து நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். வேகம் என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது, "மீட்டர் பெர் செகண்ட்தானே?" என்று கேட்டேன். டெக்னீஷியன் பெண் சிரித்துவிட்டாள். அதுதான் நான் அங்கே கடைசியாக அலகு கேட்டது.

நோய்க்கு ஒரு நீளமான வெளிநாட்டுப் பெயர். விஷயம் இவ்வளவுதான்: நரம்பு என்பது கரண்டு கம்பி மாதிரி, மேலே ஓர் உறை இருக்கிறது. வயிற்றுக்குள் வந்த கிருமியை அடிக்கக் கிளம்பிய நம் உடம்பின் காவல்படை, கிருமி போன பிறகும் நிற்காமல் அந்த உறையைப் பிய்க்க ஆரம்பித்துவிடுகிறது. பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். இடுப்பில் நிற்கலாம், கையில் நிற்கலாம், நெஞ்சுக்கும் போகலாம். நெஞ்சுக்குப் போனால் மூச்சு இழுக்கிற தசை ஓய்ந்துவிடும். அப்போது மெஷின் வைத்துத் தாண்டவேண்டும். தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு வந்த வழியே மெதுவாக இறங்கிவிடும். எங்கே நிற்கும் என்று எந்த டாக்டராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்து கொடுத்தார்கள். வலது கையில் பலகை வைத்துக் கட்டி ஊசியைக் குத்தியிருந்தார்கள்.

கூட இருந்தது என் வீட்டுக்காரரின் அக்கா ராஜாத்தி மதினி. என் கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் மதினிக்கும் ஏழாம் பொருத்தம். அந்த மனுஷி வந்து, என் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்து, எண்ணெய் தேய்த்து, பின்னிவிட்டு, "வாய மட்டும் ஒன்னும் பண்ணல பாரு இந்தச் சீக்கு" என்றார். நான் அழுதுவிட்டேன். அவரும் அழுதார்.

மூன்றாம் நாள் என் இடப்பக்கக் கட்டிலுக்கு மாரிக்கண்ணு வந்தாள். கட்டுமாவடிக்காரி, என்னைவிட இரண்டு வயது மூப்பு. அவள் தங்கச்சி பாக்கியமும் இன்னொருவரும் ஸ்ட்ரெச்சரிலிருந்து தூக்கிப் போட்டார்கள். போட்ட உடனே தலையை என் பக்கம் திருப்பி, "என்ன, நீங்களும் கால் போன கேசா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"என்ன வேல பாக்குறீங்க?"

"டீச்சர்."

"அப்ப ஒக்காந்து பாக்குற வேலதான். எனக்கு நின்னாத்தான் சோறு." அவளுக்குக் கடற்கரையில் மீன் எண்ணுகிற வேலை. படகு வந்ததும் ஏலத்துக்கு முன்னால் மீனை எண்ணி எண்ணிக் கூடைக்குள் போடவேண்டும். கை போகிற வேகத்துக்கு வாய் போகவேண்டும். வாங்குகிறவனோ விற்கிறவனோ, யாரும் அவள் எண்ணியதை மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை என்று பாக்கியம் பெருமையாகச் சொன்னாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. காலையிலும் சாயங்காலமும் சின்ன டாக்டர் வந்து ஒரு பரீட்சை வைப்பார். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, நடுவில் மூச்சு வாங்காமல் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணவேண்டும். எந்த எண்ணோடு மூச்சு தீர்கிறதோ அதைக் கால்மாட்டு அட்டையில் எழுதுவார். நெஞ்சுத் தசை ஓய ஓய எண் குறையும். மெஷினும் வேண்டாம், ரத்தமும் எடுக்க வேண்டாம். முதல் நாள் நான் முப்பத்தொன்று.

மாரிக்கண்ணு முதல் தடவை, "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தாள். டாக்டர் நிறுத்தி, "என்னம்மா லாபம்?" என்றார்.

"மொத மீன ஒன்னுன்னு எண்ண மாட்டோம் சார். லாபம்னுதான் எண்ணணும். அப்பறந்தான் ரெண்டு."

"சரி, லாபத்துல இருந்தே எண்ணுங்க."

அறுபத்தி நான்கு வரைக்கும் போனாள். டாக்டர் வாயைப் பிளந்தார். "என்னமா, பாட்டு கிளாஸுக்குப் போனீங்களா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே எழுதினார். "குடுமியான்மலைக் கல்வெட்டுல இருக்குற பாட்டெல்லாம் இவதான் சொல்லிக் குடுத்தா" என்று பாக்கியம் சேர்த்துக்கொண்டாள். வார்டே சிரித்தது.

விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படிக்கிற என் மகள் இலக்கியா ஒரு டேப்லெட்டில் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒரே ஆள் உட்கார்ந்து செய்ததாம். "சின்ன கேம்மா, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். கிறுக்குத்தனமா இருக்கும், ஒனக்குப் புடிக்கும்" என்றாள்.

கிறுக்குத்தனம்தான். வெளுத்த பொம்மை ஒன்று. உடம்பில் எலும்பே கிடையாது. தலை பெரிதாக, தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். திரையின் இடது பாதியில் விரல் வைத்தால் இடது கால் தூக்கும், எடுத்தால் ஊன்றும். வலது பாதி வலது காலுக்கு. அப்படியே நடத்தி, ஒரு வாசலில் நுழைந்து எதிர்ச் சுவரில் இருக்கிற இன்னொரு வாசலுக்குக் கொண்டுபோகவேண்டும். மொத்தம் ஆறு அறைகள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. விழுந்தால் 'தொப்' என்று ஒரு சத்தம். விழுந்த பொம்மை விழுந்த இடத்திலேயே கிடக்கும். வாசலில் புதுப் பொம்மை ஒன்று வந்து நிற்கும்.

முதல் நாள் எனக்கு எரிச்சல்தான் வந்தது. புவியீர்ப்பைப் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறான், உராய்வைச் சுத்தமாக மறந்துவிட்டான் என்று படுத்துக்கொண்டே திட்டினேன். ஆனால் ஈர்ப்பு மையம் பாதத்துக்கு வெளியே போனால் கவிழ்கிற விதத்தை மட்டும் அப்படியே பிடித்திருந்தான். மாடிப்படியில் நான் விழுந்தது அதேபோலத்தான்.

என் இடது கை ஒன்றுதான் சும்மா இருந்தது. அதை வைத்து இரண்டு காலையும் பார்க்க முடியவில்லை. ஒரு விரல் தூக்குவதற்குள் பொம்மை விழுந்துவிடும். பக்கத்துக் கட்டிலிலிருந்து மாரிக்கண்ணு இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அத இங்கிட்டுத் தள்ளுங்க. எனக்கு ஊசி இடது கையில, வலது கை சும்மாத்தான கெடக்கு. ஆளுக்கு ஒரு கால் வச்சுக்குருவோம்."

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு மதினி டேப்லெட்டை வைத்தார். திரையின் வலது பாதி என் பக்கம், இடது பாதி அவள் பக்கம். இடது கால் அவளுக்கு, வலது கால் எனக்கு.

ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும் அவளுக்கு ஒரு சட்டம். "வலது கால மொதல்ல வைங்க டீச்சர். புது வீட்டுக்குள்ள இடது காலையா வைப்பாங்க?" நான் வைப்பேன், அவள் எண்ணுவாள். லாபம் எனக்கு, ரெண்டு அவளுக்கு, மூணு எனக்கு. இங்கேதான் தகராறு. அவள் எண்ணுகிற வேகத்துக்கு என் விரல் வராது. நான் மூன்றில் இருக்கும்போது அவள் ஏழில் இருப்பாள். தொப்.

"மெதுவா எண்ணுங்கக்கா! ஒங்க ரெண்டு எண்ணு சேந்தாத்தான் என்னோட ஒன்னு."

"நீங்க வெரசா அமுக்குங்க. இப்படி இழுத்து இழுத்து எண்ணுனா மீன் நாறிப் போகும்."

ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தச் சண்டை என்று கணக்கில்லை. நான்கு அறைகளைத் தாண்டினோம். வார்டில் மற்ற கட்டில்காரர்களும் துணைக்கு வந்தவர்களும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். காலை அசைக்க முடியாத இரண்டு பொம்பளைகள் ஒரு பொம்மையை நடக்கவைக்கப் படுகிற பாடு அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஐந்தாவது அறையில் குறுக்கே ஒரு சுவர். பொம்மையால் ஏற முடியாது. எனக்குக் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. விழுந்த பொம்மைகள் சுவரோரம் சேரச் சேர மேடாகும், அந்த மேட்டை மிதித்து ஏறவேண்டும். முந்தினதெல்லாம் விழுந்தால்தான் பிந்தினது தாண்டும். "கெட்டிக்காரன்" என்று அதைச் செய்தவனை முதல்முறையாகப் பாராட்டினேன்.

மாரிக்கண்ணு கையை எடுத்துவிட்டாள். "ஆத்தாடி, ஆளு மேலயா ஏறுறது?"

"அது ஆளு இல்லக்கா. பொம்மை."

"பொம்மன்னா மிதிச்சுரலாமா? புத்தகத்த மிதிப்பீங்களா நீங்க?"

புத்தகத்தின் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத வாத்தியார் யார் இருக்கிறார்கள்?

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தாள். மிதித்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் தோஷமில்லை. அதன்படி, பொம்மை கீழே கிடக்கிற ஒன்றின் மேல் காலை வைத்ததும், கிடக்கிறதைத் திரையில் தொட்டுக் கும்பிடப் போவாள். தொட்டால் இடது கால் தூக்கிவிடும். தொப். இப்போது கும்பிட இன்னொன்று. அதைத் தொடப் போனால் அடுத்ததும் தொப். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "இப்படியே போனா இந்த ஜென்மத்துல தாண்ட மாட்டோம்" என்றேன். "தாண்டலேன்னா என்ன, பாவம் சேராதுல்ல" என்றாள்.

அந்த விரலைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். முதல் நாள் திரையைத் தொட்ட விரல் அவள் கண் வரை போனது. இரண்டு நாள் கழித்து மோவாய் வரைக்கும்தான். அதற்கடுத்த நாள் நெஞ்சு வரை தூக்கிவிட்டுக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். நோய் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கும் ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று இருபத்தைந்தாகி, பதினெட்டாகி, ஒரு நாள் காலையில் பதினான்காகியிருந்தது.

அன்றைக்கு மதியம் விளையாடும்போது, எப்போதும் ஒரே மூச்சில் அறுபது போகிறவள் இருபத்தைந்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். தண்ணீர் குடித்தபோது இருமினாள். குரல் மூக்கடைத்தது போல இருந்தது. "நெஞ்சுல பலகைய வச்ச மாரி இருக்கு டீச்சர்" என்று என்னிடம் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள். பாக்கியம் அப்போது மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள்.

சாயங்காலம் நான்கரை மணி. நல்ல வெளிச்சம். டாக்டர் வந்தார், இரண்டு நாளாகத் தூங்காத முகம். அவர் எங்கள் கால்மாட்டில் நின்று மதினியிடமும் பாக்கியத்திடமும் விஷயத்தைச் சொன்னார். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சு மெஷினோடு ஒரு கட்டில்தான் இப்போது காலி. நாளைக் காலையில் இன்னொன்று காலியாகும். எண் குறைவாக இருக்கிறவர் இப்போது போகலாம், மற்றவர் காலை வரை இங்கேயே இருக்கலாம். இருவருக்குமே இன்றைக்கே வேண்டும் என்றால் ஒருவரை ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பவேண்டியிருக்கும், வழியில் ஏதாவது ஆனால் சிரமம் என்றார்.

முதலில் என்னை எண்ணச் சொன்னார். வகுப்பில் பாடம் எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் திருத்தமாக எண்ணினேன். பதினொன்றில் நின்றது.

பிறகு அவளை. "லாபம் ரெண்டு மூணு நாலு" என்று ஓட்டினாள். இருபத்தி நான்கு.

"இருபத்தி நாலு. பரவாயில்ல, காலை வரைக்கும் பாக்கலாம்" என்று எழுதினார்.

என் கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. விநாடி முள் உள்ள கடிகாரம். எனக்குக் கண் தானாக அங்கேதான் போகும், இருபது வருஷப் பழக்கம். என் பதினொன்றுக்கு ஒன்பது விநாடி. அவளுடைய இருபத்தி நான்குக்கு ஐந்துகூட முழுதாக ஆகவில்லை. அவளுடைய மூச்சு என் மூச்சில் பாதிதான் இருந்தது. டாக்டர் அட்டையில் எழுதிய எண்ணுக்கு அலகு இல்லை. அந்த வார்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

பதினொன்று எண்ண மூச்சு இருந்தது எனக்கு. 'கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள்.' நான்கே சொற்கள். நான் சொல்லவில்லை.

தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. சொன்னால் இருவருக்கும் இன்றைக்கே வேண்டும் என்று ஆகும், யார் ஆம்புலன்ஸில் போவது என்று பேச்சு வரும், அது நானாக இருக்கலாம் என்றும் தோன்றியது. எல்லாம் ஒரு நொடிக்குள். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

கட்டிலைத் தள்ளும்போது மாரிக்கண்ணு தலையைத் திருப்பினாள். "போயிட்டு வாங்க டீச்சர். பொம்மைய நா பாத்துக்குறேன்."

அன்று இரவுக்குள் எனக்குத் தொண்டையில் குழாய் வைத்துவிட்டார்கள். ஆகவே எனக்கு அந்தக் கட்டில் தேவைப்படவில்லை என்று இல்லை. இதை நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பத்தொன்பது நாள் அங்கே இருந்தேன். தொண்டையில் குழாய் இருந்தால் பேச முடியாது. கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. விளக்கை அணைக்கவே மாட்டார்கள், பகலா இரவா என்று தெரியாது. மெஷின் ஒரே சீராக மூச்சு விடும். அந்தச் சத்தத்துக்குள் ஓர் எண்ணிக்கை கேட்டது. லாபம், ரெண்டு, மூணு. மெஷின் மெதுவாகத்தான் ஓடியது, எண்ணிக்கை மட்டும் விரைவாக ஓடியது. நர்ஸ் பெண்ணிடம் நிறுத்தச் சொல்லிக் கண்ணை மூடி மூடித் திறந்தேன். வலிக்கிறது என்று நினைத்து ஊசி போட்டாள். ஊசி போட்டால் மேற்கூரையில் அந்த வெளுத்த பொம்மைகள் கிடக்கும். எதுவும் விழாது. கிடக்கும், அவ்வளவுதான்.

திரும்ப வார்டுக்கு வந்தபோது இடப்பக்கக் கட்டிலில் வேறொரு பெண் சீதாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். மதினியைப் பார்த்தேன். மதினி தலையணை உறையை மாற்ற ஆரம்பித்தார்.

"மாரிக்கண்ணக்கா எங்க மதினி?" காற்றுக் குரலில் கேட்டேன்.

"அவ நீ போன மறுநாள் வெள்ளனயே போயிட்டா."

"ஊருக்கா?"

மதினி உறைக்குள் தலையணையைத் திணித்துக்கொண்டே, "தூங்குறான்னு நெனச்சிருக்கா பாக்கியம். விடிஞ்சு காப்பித்தண்ணி வாங்கிட்டு வந்து எழுப்பிருக்கா" என்றார்.

பின்னால் டாக்டரிடம் கேட்டேன். மூச்சால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இந்த நோயில் சில சமயம் இதயத் துடிப்பும் திடீரென்று தாறுமாறாகும் என்றார். சில நாள் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடுவேன். சில நாள் அது பிடிக்கே வராது.

நோய் வந்த வழியே இறங்கியது. முதலில் விரல், பிறகு முழங்கை, பிறகு இடுப்பு. கடைசியாகப் பாதம். மதினி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நடப்பார், நான் அவர் முகத்தைப் பார்த்தபடி முன்னால் நடப்பேன். "வலது கால மொதல்ல வையி" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பலவீனம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

டேப்லெட்டை மதினி தவறாமல் சார்ஜ் போட்டு வைத்திருந்தார், நல்ல எண்ணத்தில்தான். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தடவை திறந்தேன். விட்ட இடத்திலேயே இருந்தது. ஐந்தாவது அறை, சுவரோரம் முப்பத்தேழு பொம்மைகள். எத்தனை அவள் கும்பிடப் போய் விழுந்தவை, எத்தனை என் விரல் தாமதத்தால் விழுந்தவை என்று பார்த்தால் தெரியவில்லை. வாசலில் புதுப் பொம்மை தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. இப்போது எனக்கு இரண்டு கையும் இருந்தது. நானே இரண்டு காலையும் பார்த்துக்கொள்ளலாம். மூடிவைத்துவிட்டேன்.

போன மாதம் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன். முதல் பரீட்சைத் தாள்களில் ஒரு பிள்ளை 'இருபத்தி நான்கு' என்று எழுதி அலகு எழுதாமல் விட்டிருந்தது. சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் அரை மதிப்பெண்ணைக் குறைக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்து, "ஏன் லைட்டுகூடப் போடாம ஒக்காந்துருக்க?" என்றார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்துபோய் லைட்டைப் போட்டார். பிறகு, "ஞாயித்துக்கெழம வண்டி எடுக்குறேன். போயி அவங்ககிட்ட சொல்லிரு" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்னதிலேயே உருப்படியான பேச்சு அது.

கட்டுமாவடியில் கருவாடு காயப்போடும் கொட்டகையில் பாக்கியம் இருந்தாள். வீட்டுக்காரர் காரிலேயே இருந்துகொண்டார். நான் கோலை ஊன்றி மணலில் வருவதைப் பார்த்ததும் ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். "அய்யோ டீச்சர், நடக்குறீங்களே! அவ பாத்தா எம்புட்டுச் சந்தோசப்படுவா" என்று என் கையைத் தடவிக்கொடுத்தாள். பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரவைத்தாள். டீ வாங்க ஆள் அனுப்பப் போனவளைத் தடுத்துச் சொல்லிவிட்டேன். கடிகாரம், ஒன்பது விநாடி, ஐந்து விநாடி, ஆம்புலன்ஸ், எல்லாம். அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். பாடம் நடத்தித்தானே பழக்கம்.

பாக்கியம் என் கையை விட்டுவிட்டாள். காய்ந்த மீனைப் புரட்டிப்போட ஆரம்பித்தாள்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சா டீச்சர், அன்னைக்கே?"

"தெரிஞ்சுச்சு."

"அவ வெரசா எண்ணுவான்னு எனக்குந்தான் தெரியும். ஆனா அதுல இப்படி ஒன்னு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நா என்ன படிச்சவளா?"

"நீங்க என்ன பண்ணுவீங்க பாக்கியம். நான்தான்..."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே." சத்தம் போடவில்லை அவள். "நா அங்கதான நின்னேன். எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமே. டீச்சர் டீச்சர்னு நாளுக்கு எத்தன தடவ கூப்புட்டா ஒங்கள."

சொல்ல இருந்ததையெல்லாம் சொல்லியாகிவிட்டது. இரண்டு வரிசை மீனைப் புரட்டி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். எழப்போனபோது, "அந்தப் பொம்மய வச்சுருக்கீங்களா?" என்று கேட்டாள்.

பையிலிருந்து எடுத்தேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுக்காமலே இடது பாதியில் விரலை வைத்தாள், பார்த்துப் பழகியவள். "லாபம்" என்றாள். நான் வலது காலைத் தூக்கி வைத்தேன். அதே வேகம், அதே குரல்கூட. இந்தத் தடவை என் விரல் ஈடுகொடுத்தது. பொம்மை ஒரு தடவைகூட விழாமல், தலையை ஆட்டிக்கொண்டு, சுவர் வரைக்கும் நேராகப் போனது.

குவியலுக்கு முன்னால் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். கிடக்கிறதையெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத மிதிச்சுத்தான் போகணுமா?"

"ஆமா. வேற வழி வைக்கல."

பாக்கியம் தன் விரலைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அப்ப ஒங்க கால மொதல்ல வைங்க டீச்சர்."

என் விரல் நன்றாகத்தான் இருந்தது. நரம்பில் ஒரு குறையும் இல்லை. பொம்மை நின்றுகொண்டே இருந்தது.